கர்ப்ப காலத்தில் போன் வழி மருத்துவம்: இராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் தங்கைக்கு அப்போது ஐந்தாம் மாதம். காலையில் தங்கச்சிமடத்தில் பஸ் ஏறி, பாம்பன் பாலம் தாண்டி, இராமநாதபுரம் போய் வரிசையில் உட்கார்ந்தோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ரத்தம் பரவாயில்லை, அதே மாத்திரையைத் தொடருங்க" என்று அனுப்பினார். வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு நாள் வேலை போனதுதான் மிச்சம்.

அதே தங்கைக்கு எட்டாம் மாதம் ஒரு சாயங்காலம் தலைவலி வந்தது. கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். "முந்தாநாள்தானே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம், தூங்கினா சரியாயிடும்" என்று படுத்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பிரஷர் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. "108-ஐக் கூப்பிடுங்க, இப்பவே" என்றார். ஆஸ்பத்திரியில் அளந்தபோது 170/110. தாயும் பிள்ளையும் இன்று நன்றாக இருக்கிறார்கள் என்றால் அந்த இரண்டு நிமிடப் பேச்சு ஒரு காரணம்.

போக வேண்டாத நாளில் பயணத்தை மிச்சப்படுத்துவது, போக வேண்டிய நாளில் தாமதிக்காமல் கிளம்ப வைப்பது. போன் வழி மருத்துவத்தில் நான் எதிர்பார்ப்பது இந்த இரண்டையும்தான். இரண்டாவது நடக்காமல் முதலாவது மட்டும் நடந்தால் அது ஆபத்து. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இதனால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கொரோனா காலத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமம் கர்ப்பகாலப் பரிசோதனைகளில் ஏறக்குறைய பாதியைப் போனுக்கும் வீடியோவுக்கும் மாற்றியது. 2021-இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவுகளின்படி, குறைப்பிரசவம், குழந்தை இறந்து பிறப்பது, கர்ப்பகால ரத்தக்கொதிப்பு ஆகியவை முன்பைவிடக் கூடவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆபத்து குறைந்த 300 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நேரில் 8 முறை, தொலைவிலிருந்து செவிலியர் வழியாக 6 முறை என்று பிரித்துப் பார்த்ததில், உடல்நலத்தில் வேறுபாடு இல்லை, பெண்களின் மனப் பதற்றம் குறைந்திருந்தது. 2022-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பும், பெரும்பாலும் நேரில் பார்ப்பதற்கு நிகரான பலன், சில இடங்களில் சற்று மேலான பலன் என்றே சொன்னது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பிரிட்டனில் ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு கூடுதலாக உள்ள 2,441 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேர் வீட்டிலேயே பிரஷர் பார்த்து அனுப்பினார்கள். அதனால் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடிந்ததா என்றால், இல்லை. 2022-இல் வந்த முடிவு இது. அந்தப் பெண்கள் ஏற்கெனவே ஒழுங்காக மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் கருவி வாங்கி வைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு தவறு என்பதற்கு இது நல்ல சாட்சி.

நம் கரைக்கு மிக நெருக்கமாக நான் நினைப்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள சான்சிபார் தீவில் நடந்தது. அதுவும் மீன்பிடிக்கும் தீவுதான். 2,550 கர்ப்பிணிகள். ஒரு பகுதியினருக்கு மாதத்துக்கு ஏற்ற குறுஞ்செய்திகளும், அவசரத்தில் செவிலியரைக் கூப்பிடப் போனில் கொஞ்சம் காசும் கொடுத்தார்கள். அவ்வளவுதான், வீடியோ கூட இல்லை. பயிற்சி பெற்றவர் கையில் பிரசவம் ஆனது இவர்களில் 60 சதவீதம், மற்றவர்களில் 47 சதவீதம். பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 36 என்பது 19 ஆக இருந்தது. இங்கே போன் ஆஸ்பத்திரிக்குப் பதிலாக வரவில்லை, ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தது.

தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பிரசவம் 99.6 சதவீதம் என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே சான்சிபாரின் பிரச்சினை நம்முடையது அல்ல. நம் பிரச்சினை நடுவில் இருக்கும் வாரங்கள். அதே கணக்கெடுப்பில் தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது, வயிற்றுக்குள் போகிறதா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

படி 1: தொடக்கம் நேரில்தான்

மாதவிடாய் தள்ளிப்போனதும், எப்படியும் 12 வாரத்துக்குள், நேரில் போய்ப் பதிவு செய்யுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் பிக்மி என்ற தமிழக அரசின் கர்ப்பிணிகள் பதிவேட்டில் பதிந்து 12 இலக்க எண் கிடைக்கும். 102-க்குப் போன் செய்தும் முன்பதிவு செய்யலாம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் இந்த எண் வேண்டும். போனில் எந்த டாக்டரிடம் பேசினாலும் முதலில் சொல்ல வேண்டியதும் இதுதான்.

முதல் பரிசோதனையை வீடியோவில் முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி., சிறுநீரில் புரதம் இதெல்லாம் போனில் தெரியாது. முந்தைய பிரசவத்தில் பிரஷர் இருந்ததா, இரட்டைக் குழந்தையா, ஏற்கெனவே ஆபரேஷன் ஆனதா என்பதைப் பார்த்து "ஆபத்து கூடியவர்" என்று டாக்டர் பிரிப்பதும் இப்போதுதான். முன்பு பிரஷர் வந்தவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவதா என்பதை 16 வாரத்துக்கு முன்பே டாக்டர் முடிவு செய்ய வேண்டும். நான்காம் மாதம் வரை சொல்லாமல் வைத்திருக்கும் நம் வழக்கம் அந்த வாய்ப்பைத் தட்டிப் பறிக்கிறது.

முதல் சந்திப்பில் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: "எனக்கு எந்தெந்தப் பரிசோதனையைப் போனில் வைத்துக்கொள்ளலாம்?"

படி 2: போன் யார் கையில்?

நம் பக்கம் பெரும்பாலான வழிகாட்டிகள் தொடாத இடம் இது. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அது கணவரோடு கடலுக்குப் போய்விடுகிறது. கரையை விட்டுச் சில மைல் தாண்டினால் சிக்னல் இல்லை. டாக்டர் திரும்பக் கூப்பிடுவது அந்தப் போனுக்கு. ஓ.டி.பி. வருவதும் அந்தப் போனுக்கு. தமிழ்நாட்டில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் குறைவு என்றுதான் அதே கணக்கெடுப்பு காட்டியது.

ஆகவே ஏழாம் மாதத்துக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை, கர்ப்பிணியின் கையில் அவருக்கென்று ஓர் எண் இருக்க வேண்டும். பிக்மியில் அந்த எண்ணையே கொடுக்க வேண்டும். வீடியோ தேவைப்படும் நாளில் யாருடைய போன் என்பதையும், பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கணவர் வளைகுடாவில் இருப்பார். அவரையும் அதே அழைப்பில் சேர்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம், பலரும் சம்மதிப்பார்கள். பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் தயங்காமல் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் போன் சில நேரம் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்து வையுங்கள். வீட்டுக்குள் எந்த மூலையில் சிக்னல் நிற்கிறது என்று முன்பே பார்த்து வைப்பதும் ஒரு வேலைதான்.

படி 3: ஒரு பிரஷர் கருவி, ஒரு நோட்டு

மேல் கையில் சுற்றும் தானியங்கிக் கருவி ஏறத்தாழ 2,000 ரூபாய். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், அளவு தவறும். தனியாக வாங்க முடியாவிட்டால் மகளிர் குழுவில் சேர்ந்து தெருவுக்கு ஒன்று வாங்குங்கள். எங்கள் தெருவில் அப்படித்தான் வாங்கினோம், இதுவரை நான்கு பேருக்குப் பயன்பட்டிருக்கிறது. வாங்கியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப்போய், அங்குள்ள கருவியோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அளக்கும் முறை முக்கியம். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில், கை நெஞ்சுக்கு நேராக ஒரு தலையணை மேல். பட்டை ஆடைக்கு மேல் வேண்டாம். பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். கடல்பாசி எடுத்துவிட்டு ஈரத்தோடு வந்த உடனே, குடம் தூக்கிய கையோடு, டீ குடித்த கையோடு பார்த்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

நோட்டில் தேதி, வாரம், பிரஷர், எடை, மாத்திரை போட்டதா, 28 வாரத்துக்குப் பின் பிள்ளை அசைவு. அசைவுக்கு இடதுபக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வர வேண்டும். சர்க்கரை இருந்து டாக்டர் குளுக்கோமீட்டர் சொல்லியிருந்தால் அந்த எண்களும். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழ் என்பது பொதுவான இலக்கு. வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

படி 4: எது போனில், எது நேரில்

உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் குறைந்தது 8 சந்திப்புகள் என்கிறது. ஆபத்து குறைந்த ஒருவருக்கு நான் பரிந்துரைக்கும் பிரிவு இது, உங்கள் டாக்டர் மாற்றினால் அவர் சொல்வதே சரி.

நேரில் கட்டாயம்: 12 வாரத்துக்குள் பதிவு, 18–20 வார ஸ்கேன், 24–28 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை (75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை), டி.டி. ஊசிகள், 32 வாரத்தில் வயிற்றின் வளர்ச்சி பார்ப்பது, 36-க்குப் பின் எல்லாமே. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி பிரதமர் திட்டத்தின் கீழ் சிறப்புப் பரிசோதனை உண்டு.

போனில் போதும்: ரிப்போர்ட் காட்டுவது, வாந்தி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், மாத்திரை ஒத்துக்கொள்ளாதது, சாப்பாட்டுச் சந்தேகம், பிரஷர் நோட்டைக் காட்டுவது, பயத்தைப் பேசித் தீர்ப்பது.

இரும்புச்சத்து மாத்திரைதான் போனில் அதிகம் பேச வேண்டிய விஷயம் என்பேன். மூன்று மாதம் முடிந்தபின் தினம் ஒன்று, குறைந்தது 180 நாள் என்பது அரசு வழிமுறை. கறுப்பாக மலம் போகிறது என்று பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது இயல்பு. சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, டீயோடும் கூடாது. இரவு சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சை நீரோடு போட்டால் பலருக்கு ஒத்துப்போகிறது. இந்த ஐந்து வரியைச் சொல்ல ஒரு பெண்ணை ஐம்பது கிலோமீட்டர் வரவழைக்கத் தேவையில்லை. ஆனால் ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே என்று ரிப்போர்ட் வந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

படி 5: எந்த வழியில் பேசுவது

மூன்று வழிகள் இருக்கின்றன. மிக நல்லது, துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் அங்கிருந்து டாக்டருடன் பேசுவது. செவிலியர் பிரஷர் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, துடிப்பைக் கேட்டுச் சொல்கிறார், தொலைவில் உள்ள டாக்டர் முடிவு சொல்கிறார். தொடும் கையும் படித்த அறிவும் சேர்ந்து கிடைக்கும் வழி இது ஒன்றுதான். முடிந்தவரை இதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, மத்திய அரசின் இ-சஞ்சீவனி. வீட்டிலிருந்தே பேசலாம், கட்டணம் இல்லை. கைபேசி எண்ணைக் கொடுத்து, ஓ.டி.பி. போட்டு, விவரங்களைப் பதிந்து, ரிப்போர்ட் போட்டோவை ஏற்றி, டோக்கன் பெற்றுக் காத்திருக்க வேண்டும். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு போனுக்கே வரும். அங்கே வரும் டாக்டருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் ஊரையும் தெரிந்திருக்காது. அதனால் வேலையைச் சொல்லுங்கள்: "நான் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி எடுக்கிறேன்", "தினமும் கருவாடு சாப்பிடுகிறோம்", "குடிதண்ணீர் உப்பாக இருக்கும்". பிரஷர் உள்ளவருக்கு இந்தத் தகவல்கள் சும்மா பேச்சு இல்லை.

மூன்றாவது, ஏற்கெனவே உங்களைப் பார்த்து வரும் டாக்டரிடம் போனில் பேசுவது. உங்கள் கதை முழுக்கத் தெரிந்தவர் என்பது பெரிய லாபம். சாதாரணச் சந்தேகத்துக்கு 104 என்ற அரசு சுகாதார உதவி எண் இருக்கிறது.

எந்த வழியானாலும் முதல் அரை நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுங்கள்: "எனக்கு 30 வாரம், இரண்டாவது பிள்ளை, முதல் பிரசவம் ஆபரேஷன், நேற்று பிரஷர் 128/82, இன்று காலில் வீக்கம்." இப்படி ஆரம்பித்தால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். "என்னமோ மாதிரி இருக்கு டாக்டர்" என்று ஆரம்பித்தால் பாதி நேரம் கேள்வியிலேயே போய்விடும். பேச வெட்கப்படும் பெண்ணுக்காக மாமியார் பேசுவது நம் வீடுகளில் சகஜம். கடைசி இரண்டு நிமிடமாவது அவளிடம் தனியாகப் போனைக் கொடுங்கள். சொல்ல முடியாதது ஏதாவது இருக்கும்.

முடிக்கும்போது மூன்றைக் கேட்காமல் வைக்காதீர்கள்: என்ன மருந்து, எத்தனை நாள்? எது நடந்தால் உடனே கிளம்ப வேண்டும்? அடுத்து எப்போது, போனிலா நேரிலா?

2020 மார்ச்சில் வந்த தேசியத் தொலைமருத்துவ வழிமுறைகளின்படி, டாக்டர் தன் பதிவு எண்ணோடு மருந்துச் சீட்டு தர வேண்டும். நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அப்படி மறுப்பவரை நம்புங்கள், அவர் பொறுப்பானவர். ஒருமுறை எங்களுக்கு வாட்ஸ்அப் குரல் பதிவில் ஒரு மாத்திரைப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஒருவர் போய்விட்டார். சீட்டும் இல்லை, அளவும் இல்லை. நாங்கள் அதை வாங்கவே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாக வலி மாத்திரை வாங்குவதும் வேண்டாம். இபுப்ரோஃபென், டைக்லோஃபினாக் போன்றவை 20 வாரத்துக்குப் பின் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

படி 6: போனை எடுத்தால் 108 மட்டும்

இதைத் தனியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ரத்தப்போக்கு. பனிக்குடம் உடைவது. வலிப்பு. கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி. மூச்சுத் திணறல். குளிரோடு காய்ச்சல். பிள்ளை அசைவு குறைவது அல்லது நிற்பது. பிரஷர் 160/110 அல்லது மேலே.

இவற்றில் ஒன்று வந்தாலும் வீடியோ காலுக்காகக் காத்திருக்காதீர்கள், டோக்கன் போடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஏறிய பிறகு செவிலியருக்குச் சொல்லுங்கள். ஆபரேஷனும் ரத்தமும் எந்நேரமும் கிடைக்கும் ஆஸ்பத்திரிக்கே போகும்படி கேளுங்கள். பிரஷர் 140/90 வந்து வேறு தொல்லை இல்லை என்றால் கொஞ்சம் ஓய்வெடுத்துத் திரும்பப் பாருங்கள். மறுபடியும் அதே என்றால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். தலைவலியும் சேர்ந்தால் பேச்சே வேண்டாம், கிளம்புங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தேதி வருபவர்களுக்கு ஒன்று. புயல் எச்சரிக்கை வந்தால் சிக்னல், கரண்டு, ரோடு மூன்றும் சேர்ந்தே போகும். பவர் பேங்கை நம்பி உட்காராமல், முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள், அல்லது செவிலியரிடம் சொல்லி அட்மிட் ஆகுங்கள்.

படி 7: தாய் வீட்டுக்குப் போகும்போது

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். தங்கச்சிமடத்தில் ஆறு மாதம் பார்த்த டாக்டரை விட்டுவிட்டு மூக்கையூருக்கோ சாயல்குடிக்கோ போய், புதிதாக ஒருவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம். மிக ஆபத்தான மூன்று மாதங்களில் பழைய கதை தெரியாத ஆள் பார்க்கிறார். போன் மிக அதிகமாக உதவும் இடம் இதுதான்.

கிளம்பும் முன் இரு ஊர் செவிலியருக்கும் சொல்லுங்கள், எண்களை மாற்றிக்கொடுங்கள். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள், அம்மாவின் போனிலும் ஒரு நகல். புதிய ஊரில் முதல் வாரமே நேரில் போய்க் காட்டுங்கள். அன்று பழைய டாக்டரை ஒருமுறை போனில் இணைத்துப் புதியவரிடம் பேச வைக்க முடிந்தால், அதைவிட நல்லது வேறில்லை.

படி 8: பிள்ளை பிறந்த பிறகு

எல்லோர் கண்ணும் பிள்ளை மேல் போய்விடும். தாயின் பிரஷரோ பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும், அதற்குள் பலர் வீட்டுக்கு வந்திருப்பார்கள். வீட்டுப் பிரஷர் கருவி பலன் தந்ததற்கு மிக உறுதியான சான்று இந்தக் கட்டத்தில்தான் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிரஷர் இருந்த 206 தாய்மார்களில், ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னவர்களில் 44 சதவீதத்தினரின் பிரஷர்தான் முதல் பத்து நாளில் கிடைத்தது. வீட்டில் பார்த்துக் குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னவர்களில் 92 சதவீதம். ஆக்ஸ்போர்டில் 220 தாய்மார்களுடன் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், வீட்டில் பார்த்து அனுப்பி டாக்டர் சொல்லும்படி மாத்திரையைக் கூட்டிக் குறைத்தவர்களுக்கு, ஒன்பது மாதம் கழித்தும் பிரஷர் குறைவாகவே இருந்தது.

ஆகவே கர்ப்பத்தில் பிரஷர் இருந்திருந்தால் முதல் பத்து நாள் தினமும் காலை, மாலை அளந்து அனுப்புங்கள். பால் கொடுக்கும்போது பிள்ளை பிடிக்கும் விதத்தை வீடியோவில் செவிலியரிடம் காட்டலாம், அதைப் பார்த்தே திருத்தம் சொல்லிவிடுவார். பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தால் மட்டும் நேரே ஆஸ்பத்திரி.

இரண்டு வாரம் தாண்டியும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, காரணம் இல்லாமல் அழுகிறாள், பிள்ளையைத் தூக்க மனமில்லை என்றால் காத்துக் கருப்பு என்று மந்திரிக்கப் போவதற்கு முன் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஆறாம் வாரம் தாயும் பிள்ளையும் நேரில் போக வேண்டும். அன்றும் பிரஷர் 140/90-க்குக் கீழே வரவில்லை என்றால் நோட்டை டாக்டரிடம் காட்டி மாத்திரையைத் தொடரக் கேளுங்கள். ஊர் திரும்பியதும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் பெயரைச் சேர்த்துவிடுங்கள், மாத்திரை வீட்டுக்கே வரும்.